திரைக்கு அந்தப் பக்கம்

"அம்மை, ஒருத்தி என்னைக் கட்டிக்கொள்கிறேன் என்கிறாள். தப்பிக்க ஒரு வழி சொல்லுங்கள்."

அம்மை வேட்டியைக் கல்லில் அடித்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"பொல்லாதவளா?"

"இல்லை. மிகவும் நல்லவள்."

"உங்களுக்குப் பிடிக்கவில்லையா?"

"பிடித்திருக்கிறது. அதுதான் இடைஞ்சல்."

அம்மை வேட்டியைப் புரட்டிப் போட்டு மறுபுறம் அடித்தார்.

"உட்காருங்கள். அழுக்கு உள்ளே போயிருக்கிறது" என்றார்.

வேட்டியைச் சொன்னாரா, வந்தவரைச் சொன்னாரா என்பது விளங்கவில்லை. வந்தவர் உட்கார்ந்தார்.

*

வந்தவர் பெயர் முனிரத்தினம். வயது ஐம்பத்திரண்டு. சேயாற்றங்கரையில் ஆண்டுக்கு நூறு ஊர்களுக்குக் குறையாமல் அழைக்கப்படும் ஒரு கூத்துக் குழுவில், முப்பது ஆண்டுகளாகக் கட்டியங்காரன் வேடம் தரிப்பவர்.

களத்தில் முதலில் குதிப்பவன் கட்டியங்காரன். சனங்களைச் சிரிக்க வைப்பது அவன் பொறுப்பு. அதன்பின் இருவர் ஒரு துணியைத் திரையாகப் பிடிக்க, அதன் பின்னால் அரசன் வந்து நிற்பான். கட்டியங்காரன் திரையைப் பார்த்து, "திரைக்குள்ளே இருப்பவர் யாரோ? எந்த நாடோ? என்ன பேரோ?" என்று கேட்பான். அரசன் தன் பேரையும் பெருமையையும் பாடிச் சொன்ன பிறகே திரை விலகும்.

அக்குழுவில் எல்லா வேடத்துக்கும் திரை உண்டு. கட்டியங்காரனுக்கு மட்டும் இல்லை.

அம்மைக்கு வயது முப்பத்தெட்டு. பாறைக் குன்றின் அடியில், வற்றாத சுனை ஒன்றின் பக்கத்தில் இருந்தது அவருடைய மடம். மடம் என்றால் இரண்டு அறை, ஒரு கூடம், ஓர் அடுப்பு, ஒரு துவைகல். தேடி வருபவர்கள் பெரும்பாலும் அவரைவிட மூத்தவர்கள். வந்ததும் சிறிது நேரம் அவருக்கு அறிவுரை சொல்வார்கள். பிறகுதான் கேட்க வந்ததைக் கேட்பார்கள்.

முனிரத்தினம் அறிவுரை சொல்லவில்லை. நேராகக் கேட்டுவிட்டார். அவ்வளவு அவசரம்.

*

அவசரத்தின் காரணத்தை அவரே விரித்துரைத்தார்.

பேருந்து நிலையத்துக்கு எதிரே தையற்கடை வைத்திருப்பவள் பச்சையம்மாள். கணவனை இழந்து பன்னிரண்டு ஆண்டுகள். குழுவின் உடைகளையெல்லாம் தைப்பவள் அவள்தான். கட்டியங்காரனின் பல நிறக் கால்சட்டையை, உள்ளே வைக்கோல் திணித்துத் தொப்பை கட்டுவதற்கு இடம் விட்டு, பதினோரு ஆண்டுகளாகத் தைத்துத் தருகிறாள். சென்ற வாரம் அந்தக் கால்சட்டையை மடித்துக் கையில் கொடுத்துவிட்டு, சுற்றி வளைக்காமல் கேட்டுவிட்டாள். மணந்துகொள்ளலாமா என்று. வெள்ளிக்கிழமைக்குள் பதில் வேண்டும், இல்லையென்றாலும் நேரில் வந்து சொல்ல வேண்டும் என்றும் சொல்லிவிட்டாள்.

"சொல்ல வேண்டியதுதானே" என்றார் அம்மை.

"அவள் கேட்டது என்னை இல்லை, அம்மை. கட்டியங்காரனை."

அம்மை இப்போது நிமிர்ந்தார்.

கடைக்குப் போகும்போதெல்லாம் அவளைச் சிரிக்க வைக்காமல் அவர் திரும்பியதில்லையாம். அவள் அறிந்தது அந்த ஆளைத்தான். வீட்டில் இருப்பவன் வேறு. காலை பத்து மணி வரை எவரோடும் பேசமாட்டான். பால்காரர் பாலைக் கதவடியில் வைத்துவிட்டு, மணியடிக்காமல் ஓடிவிடுவார். பக்கத்து வீட்டார் உப்புக்குக்கூட இரண்டு வீடு தாண்டிப் போவார்கள். காரணமின்றி முகம் கறுக்கும். சில நாள் முழுவதும் கறுத்தே இருக்கும்.

"அந்த முகத்தை அவள் பார்த்ததே இல்லையா?"

"ஒரே ஒரு தடவை. போன ஐப்பசி மழையில் கடைக்குள் ஒதுங்கினேன். என்ன முயன்றும் அன்று நாக்கு எழவில்லை. ஒரு மணி நேரம் கல்லுப் பிள்ளையார் மாதிரி உட்கார்ந்துவிட்டு வந்தேன். வெட்கத்தில் பிறகு ஒரு மாதம் அந்தத் தெருப் பக்கமே போகவில்லை."

 பிறகு கேளாமலேயே இன்னொன்றும் சொன்னார்.

ஒன்பது ஆண்டுகளுக்கு முன் அவருடைய தாய் இறந்தாள். பாடை தூக்கிய நால்வரிடம் அவர் ஏதோ ஒரு வார்த்தை சொன்னார். நால்வரும் பாடையை இறக்கி வைத்துவிட்டுச் சிரித்தார்கள். பறையடித்தவர்களும் குச்சியை நிறுத்திவிட்டுச் சிரித்தார்கள். சாவு வீட்டையே சிரிக்க வைத்தவன் என்று பத்து ஊர்களில் பேசிக்கொண்டார்கள். அதன் பிறகு குழுவுக்கு அழைப்பு இன்னும் பெருகிற்று.

"அன்று நீங்கள் அழுதீர்களா?"

"எல்லோரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள், அம்மை. எப்படி அழுவது?"

அம்மை வேட்டியைப் பிழிந்து கொடியில் போட்டார்.

"இன்று திங்கள். வியாழன் வரை இங்கே தங்குங்கள். ஒரே விதி. யாரையும் சிரிக்க வைக்காதீர்கள்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

முனிரத்தினம் மனத்துக்குள் மகிழ்ந்தார். துவைக்கச் சொல்வார், பட்டினி போடுவார், பாறைமேல் ஒற்றைக் காலில் நிறுத்துவார் என்றெல்லாம் எண்ணி வந்தவர் அவர்.

*

செவ்வாய்க்கிழமை விடிந்து அரைமணி நேரத்துக்குள் விதி உடைந்தது.

மடத்தில் கோதண்டம் என்ற ஒருவர் இருந்தார். ஓய்வுபெற்ற தபால்காரர். நாற்பது ஆண்டுகள் வீடு வீடாகப் போய்ப் பேசிக் களைத்தவர். நான்கு மாதமாக மௌன விரதம் காத்துவந்தார். வேண்டியதைச் சிலேட்டில் எழுதிக் காட்டுவார்.

அவரும் முனிரத்தினமும் சுனையில் தண்ணீர் எடுக்கப் போனார்கள். முனிரத்தினம் வாயைத் திறக்கவில்லை. திறக்கக் கூடாதென்று உதட்டை இறுக்கி, கன்னத்தை உப்பி, விழியை உருட்டி, குடத்தைத் தலையில் வைத்துக்கொண்டு அடிமேல் அடி வைத்து நடந்தார். சிரிக்க வைக்காமல் நடப்பது எப்படி என்று அவர் உடம்புக்குத் தெரியவில்லை.

கோதண்டம் இரண்டு முறை முகத்தைத் திருப்பிக்கொண்டார். மூன்றாம் முறை குடத்தைக் கீழே போட்டுவிட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு பாறையில் சாய்ந்தார். "ஐயோ, போதும், நிறுத்துமய்யா" என்று கூவினார். நான்கு மாத மௌனம் சுனைத் தண்ணீரோடு போயிற்று.

மடத்துக்கு வந்ததும் சிலேட்டை எடுத்து, எழுத்து அழுந்த எழுதி அம்மையிடம் நீட்டினார்: இந்த ஆள் சிரிக்க வைக்கிறார்.

அம்மை சிலேட்டைப் படித்தார். முனிரத்தினத்தைப் பார்த்தார்.

அவர் தலை குனிந்தபடி, முழங்காலை மடக்கி, நடுங்கிக் காட்டினார். அம்மைக்கும் சிரிப்பு வந்துவிட்டது. கண்ணீர் வரச் சிரித்தார்.

மதியம் உணவு. அம்மை சட்டியிலிருந்து அகப்பையால் எல்லோருக்கும் கேழ்வரகுக் கூழ் ஊற்றினார். முனிரத்தினத்துக்கும் ஓர் அகப்பை.

அவர் கிண்ணத்தை எடுக்காமல் சற்றுக் காத்திருந்தார். போகிற ஊர்களில் சனங்கள் வயிறு குலுங்கச் சிரித்தால், மறுநாள் பந்தியில் அவர் இலைக்கு மட்டும் இன்னொரு கரண்டி தானாக வரும். சிரிப்புக்கு ஏற்றபடி சோறு. அது அவர் அறிந்த முறை.

இன்னொரு அகப்பை வரவில்லை. அம்மை அடுத்தவரிடம் போய்விட்டார்.

*

புதன்கிழமை முனிரத்தினம் வேறு வழி கண்டார்.

யாரையும் பார்த்தால்தானே சிரிப்பு? கூடத்தின் மூலையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்தார். உட்கார்ந்ததும், இத்தனை காலம் எங்கே போயிருந்தாய் என்பதுபோல் அந்தக் கறுப்பு மெல்ல வந்து கவிந்தது. வீட்டில் வருமே, அதே கறுப்பு. அவரால் எழுந்து ஓட முடியவில்லை. எழுந்தால் எதிரே வருபவர் சிரித்துவிடுவார், விதி உடைந்துவிடும்.

கோதண்டம் வந்து சிலேட்டை நீட்டினார். உடம்பு சரியில்லையா என்று எழுதியிருந்தது. முனிரத்தினம் திரும்பவும் இல்லை, விடை சொல்லவும் இல்லை. கடைசியில், காதருகே சிலேட்டுக் குச்சியின் கீச்சொலி மீண்டும் கேட்டபோது, "போமய்யா அந்தப் பக்கம்" என்று சீறினார்.

சீறிய பிறகுதான் அவருக்கு உறைத்தது. மடத்தில் இருப்பவர் ஒருவரைச் சீறியாயிற்று. இனி மதியம் கிண்ணத்தோடு உட்கார எந்த முகம் உண்டு? உட்காராமலேயே இருந்துவிடலாம் என்று சுவரைப் பார்த்தபடி இருந்தார்.

பின்னால் காலடி கேட்டது. அம்மை கிண்ணத்தைச் சுவருக்கும் அவருக்கும் நடுவே வைத்து, கூழை ஊற்றினார். ஓர் அகப்பை. ஒரு வெங்காயம். ஒன்றும் சொல்லாமல் போய்விட்டார்.

முனிரத்தினம் கூழை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு குடித்தார்.

*

வியாழக்கிழமை, கூடத்தில் விரிக்கும் பெரிய விரிப்பைத் துவைக்கும் நாள். எட்டு முழ நீளம். ஒருவரால் ஆகாது. அம்மை ஒரு நுனியும் முனிரத்தினம் மறுநுனியும் பிடித்து முறுக்கிப் பிழிந்தார்கள். வேம்புக்கும் புங்கமரத்துக்கும் இடையே கட்டிய கயிற்றில் அதை விரித்துப் போட்டார்கள். அடி தரைக்கு ஒரு சாண் மேலே நின்றது.

"கூத்தரே, அந்தப் பக்கம் போய்ச் சுருக்கத்தை இழுத்துவிடுங்கள்."

அவர் அந்தப் பக்கம் போனார். இந்தப் பக்கத்திலிருந்து அம்மையின் குரல் எழுந்தது. கூத்தின் அதே ராகம், அதே இழுப்பு.

"திரைக்குள்ளே இருப்பவர் யாரோ? எந்த நாடோ? என்ன பேரோ?"

முப்பது ஆண்டுப் பழக்கம் அவர் காலைப் பிடித்து இழுத்தது. விரிப்பைச் சுற்றி ஓடிவந்து, அம்மையின் பக்கத்தில் இடுப்பில் கைவைத்து நின்று, "ஆமாம், யாரோ? எந்த நாடோ?" என்று அவரும் துணியைப் பார்த்துக் கேட்டார்.

இருவரும் சிறிது நேரம் துணியைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"இப்போது அங்கே யார் இருக்கிறார்?" என்றார் அம்மை.

"யாரும் இல்லை."

"நீங்கள் நிற்க வேண்டியது அந்தப் பக்கம்."

"எனக்குத் திரை கிடையாது, அம்மை. நான் கேட்கிறவன்."

"இன்று நான் கேட்கிறேன்."

முனிரத்தினம் மறுபடி போனார். ஈரத் துணியின் பின்னால் அவர் பாதம் மட்டும் தெரிந்தது. ஒரு பாதத்தின் மேல் இன்னொரு பாதம் ஏறியிருந்தது.

அம்மை மீண்டும் கேட்டார்.

தொண்டையைச் செருமிக்கொண்டு, ஐம்பத்தாறு தேசத்தையும் ஒரு குடைக்கீழ் ஆளும், முத்துத் தேரேறும், எதிரிகளின் நெஞ்சில் இடியென இறங்கும் மன்னன் ஒருவனின் வரவுப் பாட்டை அவர் பிசிறில்லாமல் பாடினார். எத்தனை பேர் பாடக் கேட்டவர்.

"அவர் எனக்குத் தெரிந்தவர்தான். அவர் போகட்டும். பின்னால் இருப்பவர் யார்?"

சேனாபதி ஒருவன் வந்தான். அவனையும் அம்மை போகச் சொன்னார். ஒரு முனிவர், ஓர் அரக்கன், சிறைப்பட்ட இளவரசி என்று வரிசையாக வந்தார்கள். இளவரசியின் குரலுக்கு, தூரத்தில் பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்த கோதண்டம் சிரித்துவிட்டார். அம்மை எல்லோரையும் மரியாதையாகவே அனுப்பி வைத்தார்.

"பின்னால் இருப்பவர் யார்?"

"கட்டியங்காரன்."

"நீங்கள்தான் சொன்னீர்களே, அவருக்குத் திரை கிடையாது. அவர் வெளியில்தான் இருப்பார். பின்னால் இருப்பவர் யார்?"

 விரிப்பிலிருந்து நீர் சொட்டிற்று.

"எந்த நாடோ?" என்றார் அம்மை, ராகம் குறையாமல்.

அப்போதுதான் அது நடந்தது. அந்தப் பக்கம் இருந்த தகர வாளி ஒன்று காற்றில் எழுந்து, புங்கமரத்தில் மோதி, கணகணவென்று உருண்டது.

"யாரென்று தெரிந்தால் நான் ஏனம்மா இங்கே வந்து விரிப்புப் பிழிகிறேன்! முப்பது வருடம், ஒரு பயல் கேட்டதில்லை! சாப்பிட்டாயா என்று கேட்பார்கள், இன்றைக்குப் புதிதாக என்ன வைத்திருக்கிறாய் என்று கேட்பார்கள். நீ யாரடா என்று ஒருத்தன் கேட்டதில்லை! இப்போது வந்து ராகம் போட்டுக் கேட்டால், நான் எங்கே போவேன்!"

குன்றில் அந்தக் குரல் மோதி ஒருமுறை திரும்பி வந்தது. மரத்திலிருந்து காக்கைகள் எழுந்தன.



முனிரத்தினம் தன் கையால் தன் வாயைப் பொத்திக்கொண்டார். பெண் என்றும் பாராமல், குரு என்றும் பாராமல், ஆறு ஊருக்குக் கேட்கக் கத்தியாயிற்று. வாளியும் நசுங்கிற்று. துணிப்பையை எடுத்துக்கொண்டு இப்படியே பின்பக்கமாக இறங்கிப் போய்விட வேண்டியதுதான் என்று எண்ணினார்.

அம்மை விரிப்பின் ஓரத்தை ஒதுக்கி எட்டிப் பார்த்தார். வெகுநாள் காத்திருந்த விருந்தாளி வந்துவிட்டதுபோல் முகம் மலர்ந்திருந்தது.

"வாருங்கள். கூழ் ஆறுகிறது."

கூடத்தில் கோதண்டம், நேற்றுச் சீறலுக்கு ஆளான அதே கோதண்டம், தன் பாயில் நகர்ந்து இடம் விட்டார். அம்மை அகப்பையால் ஊற்றினார்.

முனிரத்தினம் கிண்ணத்தைப் பார்த்தார். பிறகு அகப்பையைப் பார்த்தார்.

"அம்மை, ஒன்று கேட்கலாமா?"

"கேளுங்கள்."

"செவ்வாயன்று உங்களைக் கண்ணீர் வரச் சிரிக்க வைத்தேன். ஓர் அகப்பை ஊற்றினீர்கள். நேற்று முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு இருந்தேன். ஓர் அகப்பை. இன்று வாளியை உதைத்தேன். இன்றும் ஓர் அகப்பை. ஏன்?"

அம்மை அகப்பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"மடத்தில் இது ஒன்றுதான் இருக்கிறது" என்றார்.

*

புறப்படும்போது முனிரத்தினம் வணங்கி, நாளை அவளிடம் நான் என்ன பதில் சொல்ல என்று கேட்டார்.

"கேட்டது நானில்லையே" என்றார் அம்மை. நசுங்கிய வாளியைச் சுத்தியலால் தட்டி நிமிர்த்திக்கொண்டிருந்தார்.

*

வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்கெல்லாம் முனிரத்தினம் தையற்கடை வாசலில் நின்றார். பத்து மணிக்கு முன் அவர் எங்கும் போய் நின்றதில்லை.

கடைக்குள் குறுக்குக் கயிற்றில் ஒரு புதிய துணி தொங்கிற்று. சிவப்புத் துணி, மஞ்சள் கரை. குழு வாங்கிக் கொடுத்த புதுத் திரை. கரை மடித்துத் தைக்கப் பச்சையம்மாளிடம் வந்திருந்தது. அவள் மிஷினில் ஒரு பள்ளிச் சீருடையை ஓட்டிக்கொண்டிருந்தாள்.

"வாருங்கள்" என்றாள். மிஷினை நிறுத்தவில்லை.

வந்ததும் வராததுமாக முனிரத்தினத்தின் வாயில் ஒரு வேடிக்கை ஏறி நின்றது. நல்ல வேடிக்கை. பேருந்தில் வரும்போது தானாக வந்தது. அதைச் சொல்லலாம் என்று வாயெடுத்தார்.

கண் அந்தச் சிவப்புத் துணிமேல் பட்டது.

வேடிக்கையை விழுங்கினார். ஒன்றும் சொல்லாமல் போய், துணிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டார்.

மிஷின் இன்னும் நான்கு தையல் ஓடி நின்றது.

பச்சையம்மாள் ஊசியில் நூலைக் கடித்துத் துண்டித்தாள். துணியைப் பார்த்தாள். கீழே, பாதத்தின் மேல் பாதம். பதினோரு ஆண்டுகளாக, உள்ளூரில் நடந்த அந்தக் குழுவின் கூத்து ஒன்றைக்கூட விடாமல் பார்த்தவள் அவள். இந்த இடத்தில் என்ன கேட்க வேண்டும் என்பது அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

"திரைக்குள்ளே இருப்பவர் யாரோ?" என்றாள். சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். "எந்த நாடோ? என்ன பேரோ?"

மேலே ஏறியிருந்த பாதம் மெல்லத் தரைக்கு இறங்கிற்று.

"பேர் முனிரத்தினம்" என்றது குரல். அதில் ராகம் இல்லை. "காலையில் பத்து மணி வரை பேச்சு வராது. இன்றைக்கு எப்படி வந்தது என்று தெரியவில்லை. சில நாள் முகம் கறுத்துப் போகும். யார் மேலும் கோபம் இருக்காது. நேற்று ஒரு வாளியை உதைத்தேன்."

பச்சையம்மாள் சிரிப்பை நிறுத்தியிருந்தாள்.

"யாருடைய வாளி?"

"ஒரு சாமியாரம்மாவுடையது."

"நசுங்கிவிட்டதா?"

"நசுங்கிவிட்டது."

"சரி. மேலே சொல்லுங்கள்."

"அம்மா செத்தபோது அழவில்லை. ஒரு வேடிக்கை சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள். அவளுக்குக் கேழ்வரகு அடை பிடிக்கும். கடைசி நாளில் கேட்டாள். நான் கூத்துக்குப் போகிற அவசரத்தில், வந்து சுட்டுத் தருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனேன்..."

சிவப்புத் துணி மெல்ல அசையத் தொடங்கியது. காற்று இல்லை.

பச்சையம்மாள் எழுந்து போய் அதை விலக்கவில்லை. மிஷினுக்கு முன்னால் அப்படியே உட்கார்ந்திருந்தாள். சட்டை கொடுக்க வந்த ஒருவரை, பிறகு வாருங்கள் என்று கையால் சாடை காட்டி அனுப்பினாள்.

வெகுநேரம் கழித்து, "முடிந்ததா?" என்று கேட்டாள்.

"இல்லை. இன்னும் இருக்கிறது."

"சரி. நான் இங்கேதான் இருக்கிறேன்."

 மூக்கு உறிஞ்சும் ஓசை கேட்டது. பிறகு குரல் வந்தது.

"உங்களைச் சிரிக்க வைத்தவன் இவன் இல்லை. அதைச் சொல்லிவிட்டுப் போகத்தான் வந்தேன். நீங்கள் கேட்டது அவனை."

"எவனை?"

"இந்தக் கடையில் நின்று வேடிக்கை பேசினானே, அவனை."

பச்சையம்மாள் மிஷின்மேல் ஒரு தட்டுத் தட்டினாள்.

"இது ஓடும்போது எனக்கு ஒன்றும் காதில் விழாது. நீங்கள் சொன்னதில் முக்கால்வாசி நான் கேட்டதே இல்லை."

துணி அசைவதை நிறுத்திற்று.

"சிரித்தீர்களே?"

"சொல்லி முடித்துவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பீர்கள். பார்க்கப் பாவமாக இருக்கும். சிரித்துவைப்பேன்."

"பதினோரு வருடமாகவா?"

"பதினோரு வருடமாக."

 முனிரத்தினம் அந்தப் பக்கம் கிடந்த துணி மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டார். முப்பது ஆண்டுத் தொழிலில் இப்படி ஓர் அடி அவருக்கு விழுந்ததில்லை. ஆயினும் வலிக்கவில்லை, அதுதான் வியப்பு.

"அப்படியானால் எதைப் பார்த்து என்னைக் கேட்டீர்கள்?"

"போன ஐப்பசியில் ஒரு மழை பெய்ததே. உள்ளே வந்து அந்தப் பெஞ்சில் உட்கார்ந்தீர்கள். வாயைத் திறக்கவில்லை. முகம் வானத்தைவிடக் கறுத்திருந்தது. அன்று காலைதான் என் பொத்தான் டப்பா கவிழ்ந்து எல்லாம் கலந்து கிடந்தது. நீங்கள் பாட்டுக்கு அதை இழுத்து வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றாக நிறம் பார்த்துப் பிரித்துப் போட்டீர்கள். மழை விட்டதும் எழுந்து போய்விட்டீர்கள். யாரும் உங்களைச் செய்யச் சொல்லவில்லை. நான் பார்த்ததுகூட உங்களுக்குத் தெரியாது. ஒரு பொத்தான் இடம் மாறவில்லை."

முனிரத்தினம் நினைத்துப் பார்த்தார். பொத்தானைப் பிரித்தது அவருக்கு நினைவில்லை. வெட்கப்பட்டது மட்டும்தான் நினைவிருந்தது.

"அன்றைக்கு இருந்தவர்தானே இப்போது அந்தப் பக்கம் இருக்கிறார்?" என்று கேட்டாள் பச்சையம்மாள்.

"அவர்தான்."

"வெள்ளிக்கிழமை வந்துவிட்டது. பதில்?"

நெடுமூச்சு ஒன்று கேட்டது.

"இவன் சம்மதம் சொன்னால் நீங்கள் என்ன செய்வீர்கள்?"

பச்சையம்மாள் எழுந்தாள். கழுத்தில் கிடந்த அளவு நாடாவைக் கையில் எடுத்தாள். அளவு எழுதும் நோட்டைப் புரட்டி, பென்சிலைக் காதிலிருந்து உருவினாள்.

"கல்யாணச் சட்டை தைப்பேன். என்னிடம் இருப்பதெல்லாம் கட்டியங்காரனுடைய அளவு. வெளியே வந்து நில்லுங்கள்."